வீட்டு ஒத்திகை

என் கணவர் பொய்யே பேசமாட்டார் என்று நாடகக்காரர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் அதையேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அவர் நாடகம் எழுதுகிறவர். கிரீடம் வைத்த ராஜா வந்து பாட்டுப் பாடுகிற நாடகம் இல்லை. அவர் மேடையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், அடுப்பில் வைத்த பால் நிஜமாகவே பொங்க வேண்டும், ஜனங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேச வேண்டும். உண்மை, சுதந்திரம், தனிமனிதன், இந்த மூன்றையும் பற்றிப் பேசாமல் அவருக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்காது. குழுவில் எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள். "இங்க யாரும் யாருக்கும் அண்ணன் கிடையாது, எல்லாரும் தனித்தனி ஆளு" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "சரிண்ணே" என்பார்கள்.

நான் அவரை நீ என்றுதான் கூப்பிட வேண்டும். அது கல்யாணமான புதிதில் அவர் போட்ட உத்தரவு. புருஷனும் பெண்டாட்டியும் சமம் என்றால் மரியாதையும் சமமாக இருக்க வேண்டுமாம். எனக்கோ வாயில் நீங்கதான் வந்தது. அதற்காக என்னோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் சுதந்திரத்தை என் தலையில் கட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். மாமியார் இருந்தவரை அவர் முன்னால் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு நீங்க போடுவேன்.

பகலில் நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். "ரெண்டு வேளையும் தேய்க்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்பார். திறந்த வாயோடு எல்லாரும் "ஆ" என்பார்கள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். வாய்க்குள் இருக்கிற நிலைமை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆக, பொய் எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று நினைத்திருந்தேன். வீட்டில்தான் கோட்டை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கிளினிக் முடிந்ததும் நேராக ஒத்திகைக்குப் போய்விடுவேன். டயர் கிடங்கு ஒன்றின் மாடியில் ஒத்திகை. வீட்டுக்கு வந்து தலையை அவிழ்த்தால் ரப்பர் வாசம் அடிக்கும். அவர் எழுதிய எல்லா நாடகத்திலும் பெண்டாட்டி, அம்மா, அக்கா, விதவை என்று ஏதாவது ஒன்றாக நான் இருப்பேன். எனக்கு அதில் பெருமைதான். பொய் சொல்வானேன்.

ஒரு தடவை, ஒரு நாடகத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லி அரங்கத்துக் கமிட்டியில் கேட்டார்கள். மேலிடத்து ஆள் ஒருத்தரைக் குத்துகிற வரி. எடுக்கமாட்டேன் என்றார். அரங்கத்தைப் பூட்டினார்கள். நாங்கள் பூட்டிய கதவுக்கு வெளியே, நடைபாதையிலேயே நாடகத்தைப் போட்டோம். மின்சாரம் கிடையாது. கை கடுக்க எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே கையோடு வசனமும் பேசியவள் நான். "ஒரு வரிய வெட்டுனா, அதைச் சொன்ன மனுஷனையே வெட்டுன மாதிரி" என்று அன்றைக்குக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. இந்த ஆளுக்காக எதை வேண்டுமானாலும் தாங்கலாம் என்று தோன்றியது.

இந்தப் புது நாடகத்தை ஆரம்பித்தபோதும் வழக்கம் போலத்தான். அவர் கதையை யாரிடமும் முழுதாகச் சொல்லமாட்டார். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு யாரும் வாழ்வதில்லையாம், அதனால் நடிகனுக்கும் அடுத்த காட்சி தெரியக் கூடாதாம். அவரவர் வசனத்தை மட்டும் அவரவருக்குக் கொடுப்பார். முதல் இரண்டு காட்சிகள் கைக்கு வந்தன. கரண்ட் பில், பிள்ளையின் டியூஷன், வாடகை என்று பேசிக்கொள்ளும் ஒரு புருஷன் பெண்டாட்டி. பெண்டாட்டி நான். புருஷன், இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிற எங்கள் நெட்டை. மூன்றாம் காட்சி வரவே இல்லை. வாரக்கணக்கில் எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, குப்பைக்கூடை நிரம்பியதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாடியிலிருந்து துணிகளை அள்ளிவந்து கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் எங்கள் மகள் பக்கத்து அறையில் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலேயே பேசினார்.

"நான் தனியா இருக்கலாம்னு பாக்குறேன். ஒரு ரூம் பாத்துருக்கேன்."

"எழுதறதுக்கா?"

"இல்ல. இருக்கறதுக்கு."

அதற்கப்புறம் என்னென்ன பேசினோம் என்று எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்திருக்கிறது. நான் கத்தினேன். மடித்து வைத்த துணியையெல்லாம் இழுத்துத் தரையில் போட்டேன். எவளாவது இருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றார், அலுப்போடு. அந்த அலுப்பைப் பார்த்து இன்னும் கத்தினேன். பக்கத்து அறையில் மகள் ரேடியோவை அலறவிட்டாள். நாங்கள் கத்துவது காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான். கடைசியில் கத்தவும் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போது ஒன்று சொன்னேன். எத்தனை வருஷமாக அது உள்ளே கிடந்ததோ, வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"நீ போயிட்டா நான் என்ன ஆவேன்னு எனக்குப் பயம் இல்ல. நீ போனப்புறம் எனக்கு நிம்மதியா இருந்துடுமோன்னுதான் பயமா இருக்கு."

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். நகவெட்டி கையிலிருந்து விழுந்தது. பிறகு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். கதவைத் தட்டி, "வெளிய வா, நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்று நானே கெஞ்சினேன். கெஞ்சினேன்! வெளியே வந்தவர் என் தோளைப் பிடித்து, "போகல. நான் எங்கயும் போகல" என்றார்.

அன்றைக்கு மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் படுக்க வந்தாள். "அப்பா போயிடுவாராம்மா?" என்று கேட்டாள். "போகமாட்டார்" என்றேன். அடுத்து வந்த நாட்களில் அவர் பாத்திரம் கழுவினார். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் கிளினிக் வாசலில் வந்து காத்துக்கொண்டு நின்றார், டாக்டர்கூடக் கிண்டல் செய்தார். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தருக்கொருத்தர் நிஜத்தைச் சொல்லிவிட்டோம், அதனால்தான் இந்த வெளிச்சம் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று தலையை இரண்டு விதமாக வாரிப் பார்த்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் காட்சி வந்தது. டயர் கிடங்கு மாடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். என் பக்கங்களை என் கையில் கொடுத்தார். நெட்டைக்குக் காகிதமே தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

"நான் தனியா இருக்கலாம்னு பாக்குறேன். ஒரு ரூம் பாத்துருக்கேன்."

என் காகிதத்தைப் பார்த்தேன். 'எழுதறதுக்கா?' என்று இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எவளாவது இருக்கிறாளா என்று இருந்தது. தரையில் துணியை இழுத்துப் போட வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. கடைசியில் அது இருந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல்.

"நீ எப்ப இதை மனப்பாடம் பண்ணின?" என்று நெட்டையைக் கேட்டேன்.

"எனக்கு ஆரம்பத்துலயே குடுத்துட்டாரே அண்ணி. உங்க பதில்தான் வராம இழுத்துட்டே இருந்துச்சு."

உடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என் நாத்தனார் நிமிர்ந்து சிரித்தாள். அவருடைய தங்கை, தையல்காரி, மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "அண்ணன் எங்கிட்டச் சொன்னப்பவே நான் சொன்னேன், அண்ணிகிட்ட ஒரு தடவை போட்டுப் பாருங்க, அண்ணி வாயிலேந்துதான் சரியான வசனம் வரும்னு. வந்துச்சு பாத்தீங்களா? நாடகத்துலயே அந்த வரிதான் உசிரு, அண்ணி."

பாராட்டுகிறாளாம். சுற்றியிருந்த அத்தனை முகமும் என்னைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் அழவில்லை. மறப்பதற்குள் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ரூம் பாத்தீங்களா, பாக்கலையா?"

கோபம் தலைக்கேறினால் எனக்கு நீங்கதான் வரும்.

"பாக்கல" என்றார். "அதுல என்ன இருக்கு? அந்தக் காட்சி நகரவே மாட்டேன்னுச்சு. ஒரு பொம்பளை அந்த இடத்துல என்ன சொல்லுவான்னு நானா உக்காந்து இட்டுக்கட்ட முடியுமா? இட்டுக்கட்டுனா அது பொய். நீ சொன்னது நிஜம். அதுக்கு முன்னாடி நானெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"உங்க பொண்ணு எம்பக்கத்துல வந்து படுத்து, அப்பா போயிடுவாரான்னு கேட்டா. அதுவும் நிஜந்தான். அதையும் எழுதிட்டீங்களா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்ததும் ஏன்தான் கேட்டேனோ என்று ஆகிவிட்டது. அது நல்ல வசனமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"அந்த ஒரு வரிய எடுத்துடுங்க" என்றேன். "மிச்சத்தை என்ன வேணா பண்ணிக்கோங்க. சண்டையை வெச்சுக்கோங்க, துணிய வெச்சுக்கோங்க. அது மட்டும் வேணாம். பொண்ணு முதல் வரிசைல உக்காந்து பாப்பா. எங்க அம்மா எங்கப்பா போனா நிம்மதின்னு நெனைச்சாளான்னு அவ காலத்துக்கும் யோசிப்பா."

"நீயும் அவங்களை மாதிரியே பேசறே" என்றார், நிஜமாகவே மனசு நொந்துபோய். "கமிட்டிக்காரன் கேட்டதும் இதேதானே? ஒரு வரிதானே, எடுத்துடுன்னான். நடைபாதைல நின்னோமே, ஞாபகம் இல்லையா?"

"விளக்கைப் பிடிச்சதே நாந்தான், எனக்கா ஞாபகம் இல்ல? அது உங்க வரி. உங்க வரிய வெட்டாதேன்னு நின்னேன். இது என் வரி. திருப்பிக் கேக்கறேன், அவ்வளவுதான்."

"உண்மை யாருக்கும் சொந்தம் இல்ல. சொன்னதுக்கப்புறம் அது எல்லாருக்கும் பொது."

"அப்ப உங்க உண்மைய எடுத்துப் பொதுவுல வையுங்களேன்! இந்த நாடகத்துல குளியலறைல உக்காந்து எழுதற புருஷனைக் காணோமே?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ரொம்ப மென்மையாகச் சொன்னார். "யாரும் உன்னை வற்புறுத்தல. நடிக்கறதும் நடிக்காததும் உன் சுதந்திரம். நீ ஒரு தனிமனுஷி. நீயே முடிவு பண்ணு."

என்ன பெருந்தன்மை! அரங்கத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நெட்டை ஆபீசில் லீவு சொல்லிவிட்டான். நாத்தனார் கண் வலிக்க உட்கார்ந்து எல்லாருக்கும் தைத்து முடித்துவிட்டாள். எனக்குப் பதில் வேறு ஆள் கிடையாது. கழுத்தில் கயிற்றைப் போட்டு, முனையை என் கையிலேயே கொடுத்து, இழுப்பதும் விடுவதும் உன் இஷ்டம் என்கிறார். நான் எல்லாருக்காகவும் நடிப்பது என்று முடிவு செய்தேன். அவருக்காக இல்லை.

மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை அவள் அறை வாசல்வரை போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். "நாடகத்துக்கு வராம இருக்கலாமே, பரீட்சை இருக்கே" என்று பார்த்தேன். "நீ நடிக்கறப்ப நான் எப்பம்மா வராம இருந்திருக்கேன்?" என்றாள்.

நாடகத்தன்று அரங்கத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மகள். மேடையில் கட்டில், கொடி, துணிகள், நகவெட்டி. எங்கள் வீட்டு நகவெட்டியையே கொண்டுவந்து வைத்திருந்தார். பாவிமனுஷன்! வழக்கம் போல சைடு விங்கில், துணிக்குப் பின்னால் அவரே வசனப் பிரதியோடு உட்கார்ந்தார். யாராவது வரியை மறந்தால் எடுத்துக் கொடுக்கிற வேலையை அவர் வேறு யாரிடமும் விடமாட்டார்.

முதல் இரண்டு காட்சியும் நன்றாகவே போயின. கரண்ட் பில் வந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. மூன்றாம் காட்சியில் நெட்டை நகத்தை வெட்டிக்கொண்டே ரூம் பார்த்திருப்பதாகச் சொன்னான். நான் கத்தினேன். துணியை இழுத்துப் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த வரியைச் சொல்லித் தொலைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான், சத்தியமாக, வாயைத் திறந்தேன்.

வரவில்லை. மறந்துவிடவில்லை, என் வரி எனக்கு எப்படி மறக்கும்? எங்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, அந்த நிமிஷம் உனக்குள் நிஜமாக இல்லாததை வாயால் சொல்லாதே என்பதுதான். அந்தப் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே பயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அது இருந்தது. டயர் கிடங்கு மாடியில் நாத்தனார் சிரித்த சாயங்காலத்திலேயே அது எங்கேயோ போய்விட்டிருக்கிறது. இப்போது அந்த வரியைச் சொன்னால் நான்தான் பொய் சொன்னவள்.

"நீ போயிட்டா..." என்று சைடு விங்கிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

நான் சும்மா இருந்தேன். நெட்டையின் கண் இரண்டும் பிதுங்கின.

"நீ போயிட்டா நான் என்ன ஆவேன்னு..." இந்தத் தடவை முதல் வரிசைக்குக் கேட்டிருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பொறுமை போய்விட்டது. நாடகம் நின்றுவிட்டால் அவரால் தாங்க முடியாது. கூட்டத்தின் கடைசிவரை கேட்கிற மாதிரி, அடித்தொண்டையிலிருந்து அவர் குரலே வந்தது.

"நீ போயிட்டா நான் என்ன ஆவேன்னு எனக்குப் பயம் இல்ல! நீ போனப்புறம் எனக்கு நிம்மதியா இருந்துடுமோன்னுதான் பயமா இருக்கு!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் எழுந்து சைடு விங்கைப் பார்த்து நின்றேன். துணி இடுக்கில் அவர் மூக்குக் கண்ணாடி மின்னியது.

"அது அன்னைக்கு" என்றேன். "இப்ப எனக்குப் பயம் இல்ல."

நெட்டை பாவம், அவனுக்குத் தெரிந்த அடுத்த வரி ஒன்றுதான். "போகல. நான் எங்கயும் போகல" என்றான், கும்பிடாத குறையாக. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாத்தனார் என்ன செய்வதென்று தெரியாமல் திரையை இழுத்துவிட்டாள். வெளியே கைதட்டல் நிற்கவே இல்லை. நாடகம் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு நான் ரேடியோ வெச்சப்ப இதைத்தான் சொன்னியாம்மா?"

"ஆமா."

"இப்ப நிஜமாவே பயம் இல்லையா?"

"இல்லடி."

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி, காதோரம் ஒட்டியிருந்த சாயத்தை அவளே துடைத்துவிட்டாள். இத்தனை நாள் இவளுக்குப் பயந்தா அந்த வரியை மறைக்கப் பார்த்தேன் என்று இருந்தது.

அப்போதுதான் அவர் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஒரு மனுஷனோடு சண்டை போட்ட திருப்தியாவது இருந்திருக்கும். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம்! அந்தக் காட்சில ஏதோ குறையுது குறையுதுன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. இதுதான் அது. நாளைக்கும் அப்படியே பண்ணு. நான் உள்ளேருந்து குரல் குடுக்கறேன், நீ திரும்பிப் பாத்து அதையே சொல்லு."

"நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கோ" என்றேன். "மேடைக்கும் பாத்துக்கோ, வீட்டுக்கும் பாத்துக்கோ. நானும் இவளும் எங்கக்கா வீட்டுக்குப் போறோம். நாளைக்குச் சாயந்தரம் வந்து துணிமணிய எடுத்துக்கறேன். திரும்பி வரமாட்டேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. என்னையே பார்த்தார். உதடு துடித்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு முகமாக இருந்தது. மகளும் அதைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. போகாதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் கை மெதுவாகச் சட்டைப் பையில் பேனாவைத் துழாவியது.

"மேடைக்கும் வீட்டுக்கும்னுதானே சொன்ன?" என்றார். "இரு, இரு. இன்னொரு தடவை சொல்லு."

நான் சொல்லவில்லை.